டிரவுட் தடைக்காலத்தில் இங்கிலாந்தில் குறைந்த செலவில் ஃபிளை ஃபிஷிங்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அக்டோபர் பிறந்ததும் இங்கிலாந்து ஆறுகளில் பிரவுன் டிரவுட் பிடிக்கத் தடை வந்துவிடும். கோடையில் ஆசையாய் ஃபிளை ராட் (பூச்சிபோல் கட்டிய 'ஃபிளை' என்ற செயற்கை இரையை வீசும் தூண்டில் கோல்) வாங்கிய நம்மவர்கள் பலர் அதோடு ராடை உறையில் போட்டு மூலையில் சாத்திவிடுகிறார்கள். "இனி மார்ச்சில்தான்" என்று யாரோ சொன்னதை நம்பி ஆறு மாதம் சும்மா இருக்கிறார்கள். அந்த ஆறு மாதத்தில்தான் இந்த நாட்டில் ஃபிளை ஃபிஷிங் மிக மலிவு. கோடையில் ஒரு நாளைக்குச் சில நூறு பவுண்டு கேட்கும் ஆற்றங்கரையில், குளிர்காலத்தில் அதில் சிறு பகுதிப் பணத்துக்கு நிற்கலாம்.

சிக்கல், விவரங்கள் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. லைசன்ஸ் விவரம் ஓரிடம், தடைக்காலத் தேதி வேறிடம், அனுமதிச் சீட்டு மூன்றாமிடம். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாய்த் தேடி, கேட்டு, ஒட்டவைத்துப் புரிந்துகொள்வதற்குள் எனக்கு ஒரு குளிர்காலமே ஓடிவிட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். கீழே இருப்பது இங்கிலாந்துக்கான வழிமுறை. ஸ்காட்லாந்தில் ராட் லைசன்ஸே கிடையாது. வடக்கு அயர்லாந்தில் விதி முற்றிலும் வேறு. அங்கே போனால் அங்கத்திய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்த மீனுக்கு எப்போது தடை என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

இங்கே தடை மீனுக்கும் நீர்நிலைக்கும் சேர்த்து வருகிறது. மாதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. நான்கு வரி நினைவில் இருந்தால் போதும்.

பிரவுன் டிரவுட்: ஆறுகளில் பெரும்பாலும் அக்டோபர் தொடக்கத்திலிருந்து மார்ச் பிற்பகுதி வரை தடை. பகுதிக்குப் பகுதி தேதி முன்பின் மாறும். உங்கள் பகுதியின் துணைவிதியை என்விரான்மென்ட் ஏஜென்சியின் பக்கத்தில் பாருங்கள்.

கோர்ஸ் மீன்கள், அதாவது டிரவுட், சால்மன் வகையாகக் கணக்கிடப்படாத நன்னீர் மீன்கள் (பைக், பெர்ச், சப், ரோச், டேஸ் போன்றவை): ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடை. மற்ற நாளெல்லாம் திறப்பு.

கிரேலிங்: உயிரியல்படி சால்மன் குடும்பம்தான். ஆனால் சட்டம் இதைக் கோர்ஸ் மீன் கணக்கில் வைத்திருக்கிறது. அதனால்தான் டிரவுட்டுக்குத் தடை இருக்கும் குளிர்காலம் முழுக்க, மார்ச் 14 வரை, இதை ஆற்றில் பிடிக்கலாம். இந்தக் கட்டுரையின் உயிரே இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ரெயின்போ டிரவுட்: தனியார் குளங்கள், ஏரிகளில் சட்டப்படியான தடைக்காலம் இல்லை. குளக்காரர் திறந்து வைத்திருந்தால் கிறிஸ்துமஸுக்கு மறுநாள்கூடப் பிடிக்கலாம்.

2. ராட் லைசன்ஸ் எடுங்கள்

13 வயது நிரம்பிய எவரும் நன்னீரில் தூண்டில் போட லைசன்ஸ் வேண்டும். 13 முதல் 16 வயது வரை இலவசம். ஆனாலும் பதிவு செய்து எடுத்தாக வேண்டும். பிள்ளைக்கு இலவசம்தானே என்று எடுக்காமல் கூட்டிப் போகாதீர்கள். 13 வயதுக்குக் கீழே தேவையில்லை.

உங்களுக்கு வேண்டியது "டிரவுட் அண்ட் கோர்ஸ்" லைசன்ஸ். சால்மன், சீ டிரவுட்டுக்கு உரியது தனி. விலை மிக அதிகம். இப்போதைக்கு அது வேண்டாம். ஆண்டு லைசன்ஸ் 35 பவுண்டைச் சற்றுத் தாண்டும். ஒரு நாள் லைசன்ஸ் 7 பவுண்டு அளவில், 8 நாள் லைசன்ஸ் அதைப்போல் இரு மடங்கு. ஏப்ரல் 1-ல் கட்டணம் மாறுவது வழக்கம், ஆகவே வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆண்டு லைசன்ஸ் எந்த நாளில் தொடங்கினாலும் அன்றிலிருந்து 12 மாதம் செல்லும். அக்டோபரில் எடுத்தால் பாதி வீணாகுமோ என்ற கவலை வேண்டாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், சில வகை ஊனமுற்றோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் சலுகை உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு எடுக்கும்போது பிறந்த தேதியைச் சரியாகப் போட்டாலே ஆண்டு லைசன்ஸுக்குச் சலுகைக் கட்டணம் வந்துவிடும்.

ஆவணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, மின்னஞ்சல் அல்லது மொபைல் எண், பணம் கட்ட ஒரு கார்டு. பாஸ்போர்ட்டோ விசாவோ கேட்பதில்லை. மின்னஞ்சலில் வரும் லைசன்ஸையே போனில் காட்டலாம். ஆற்றங்கரையில் சிக்னல் இருக்காது என்பதால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வலை விரித்திருக்கிறார்கள், கவனம். "ராட் லைசன்ஸ்" என்று தேடினால் விளம்பரமாக வரும் சில தனியார் தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும். சேவைக் கட்டணம் என்று கூடுதலாகப் பிடுங்கிக்கொள்ளும். கவ் டாட் யூகே என்று முடியும் அரசுத் தளத்தில் மட்டும் வாங்குங்கள்.

லைசன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். அதிகாரிகள் வார நாளிலும் வருவார்கள். வந்தால் பதற்றப்படாமல் காட்டுங்கள், அவ்வளவுதான்.

3. தண்ணீருக்குத் தனி அனுமதி வாங்குங்கள்

நம்மவர்கள் மிக அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இது. ராட் லைசன்ஸ் அரசுக்குக் கட்டும் பணம். ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை கரைக்காரருக்கோ கிளப்புக்கோ சொந்தம். வண்டி ஓட்ட லைசன்ஸ் இருப்பதால் அடுத்தவர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்த முடியுமா? அதே கணக்குத்தான். கரையோரம் நடைபாதை இருப்பதும் மீன் பிடிக்க அனுமதி ஆகாது.

அனுமதி கிடைக்கும் வழிகள், மலிவிலிருந்து வரிசையாக:

இலவச நீர். சில ஊர்களில் நகராட்சிப் பூங்கா வழியாக ஓடும் ஆற்றுப் பகுதிகள் ராட் லைசன்ஸ் மட்டும் இருந்தால் போதும் என்று விடப்பட்டிருக்கும். லண்டனில் டெடிங்டனுக்குக் கீழே கடலேற்றம் வந்துபோகும் தேம்ஸில் பொது இடங்களிலிருந்து பிடிக்கக் கட்டணம் இல்லை. டேஸ், சப், பெர்ச் எல்லாம் ஃபிளையில் வரும். நீர் ஏறும் நேர அட்டவணையைப் பார்க்காமல் மட்டும் கரையில் இறங்காதீர்கள். ஏறும் வேகம் மிரட்டும்.

கால்வாய். கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் நடத்தும் "வாட்டர்வே வாண்டரர்ஸ்" பெர்மிட் ஒன்றை எடுத்தால் பல ஊர்களின் கால்வாய்ப் பகுதிகளில் பிடிக்கலாம். உங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் பகுதி அதில் அடங்குமா என்று பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மீதிப் பகுதிகள் கிளப்புகளுக்குக் குத்தகைக்குப் போயிருக்கும்.

கிளப் டே டிக்கெட். வடக்கிலும் மிட்லண்ட்ஸிலும் நல்ல கிரேலிங் ஆறுகளில்கூட 10 முதல் 25 பவுண்டுக்குள் கிடைப்பது சாதாரணம். ஊர்த் தூண்டில் கடையில் விற்பார்கள். இப்போது பல கிளப்புகள் ஆன்லைனிலும் தருகின்றன.

பாஸ்போர்ட் திட்டங்கள். தென்மேற்கில் வெஸ்ட்கன்ட்ரி ரிவர்ஸ் டிரஸ்டும், வை ஆற்றுப் பக்கம் வை அண்ட் அஸ்க் ஃபவுண்டேஷனும் நடத்துகின்றன. கிளப்பில் சேராமலே பல கரைக்காரர்களின் நீருக்கு நாள் சீட்டு வாங்கலாம். ஆற்றைச் சீர்படுத்தும் வேலைக்கே இந்த அமைப்புகள் இருப்பதால், இங்கே கட்டும் பணத்தை நான் மனசாரக் கட்டுகிறேன்.

வாங்குமுன் சீட்டில் மூன்று விஷயம் பாருங்கள்: ஃபிளை அனுமதி உண்டா (சில கோர்ஸ் குளங்களில் கிடையாது), அந்தப் பகுதி மார்ச் 14 வரை திறந்திருக்குமா, தண்ணீருக்குள் இறங்கி நிற்கலாமா. டிரவுட் முட்டையிடும் காலம் என்பதால் சில கிளப்புகள் குளிர்காலத்தில் வேடிங்கைத் தடுத்துவிடும்.

4. முதல் தேர்வு: கிரேலிங்

உங்கள் ஊரிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிரேலிங் ஆறு இருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். யார்க்ஷயரில் வார்ஃப், யூர், டெர்பிஷயரில் டெர்வென்ட், ஹியர்ஃபர்டு பக்கம் வை, லக், தெற்கே டெஸ்ட், இட்சன், வில்ட்ஷயர் ஏவன், கென்னட். ஷெஃபீல்டு நகரத்துக்குள் ஓடும் டான் ஆற்றிலேயே கிரேலிங் உண்டு. டெஸ்ட் போன்ற தெற்கத்திச் சுண்ணாம்பு ஆறுகளில் (சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறும் நீரால் ஓடுபவை) குளிர்கால டிக்கெட் வடக்கைவிட விலை கூடுதல். ஆனால் அதே கரையின் கோடைக்கால விலையோடு ஒப்பிட்டால் வெகு குறைவு. வாழ்நாளில் ஒருமுறை டெஸ்ட் ஆற்றில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இதுதான் சமயம்.

குளிர் கூடக்கூட கிரேலிங் ஆழமான, சீராக ஓடும் பகுதிகளில் கூட்டமாகச் சேரும். ஒன்று கிடைத்த இடத்தில் இன்னொன்றும் இருக்கும், இடத்தை மாற்றாதீர்கள். நேரமும் உங்களுக்குச் சாதகம். விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை. காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 வரைதான் மீன் நன்றாக எடுக்கும். முந்தின இரவு உறைபனி விழுந்து, மறுநாள் வெயில் தெளிவாக அடித்தால் அது கிரேலிங் நாள்.

ஃபிளை எளிமையானது: எடை கட்டிய நிம்ஃப் (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சிபோல் கட்டியது). முள் அளவு 12 முதல் 16-ல் பிங்க் ஷ்ரிம்ப், ஃபெசன்ட் டெயில், கில்லர் பக் என மூன்று வகை பெட்டியில் இருந்தால் குளிர்காலம் ஓடிவிடும். மதியம் மேல்மட்டத்தில் மீன் எழும்பினால் போட ஒரு ரெட் டேக். டிப்பெட் (ஃபிளையைக் கட்டும் மெல்லிய நுனி இழை) 3 முதல் 4 பவுண்டு பலம் போதும்.

போடும் முறையில் ஒரே ரகசியம், நிம்ஃப் அடிமட்டத்தைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். அடிக்கடி கல்லில் தட்டுப்படவில்லை என்றால் எடை போதவில்லை. கிரேலிங் கடித்தால் லைன் வெடுக்கென்று இழுக்கப்படாது. ஓடிக்கொண்டிருக்கும் லீடரின் (லைனையும் ஃபிளையையும் இணைக்கும் மெல்லிய இழை) நுனி ஒரு கணம் தயங்கும், கல்லில் மாட்டியதுபோல. அந்தத் தயக்கத்துக்கே ராடை மெல்லத் தூக்குங்கள். அது கல்லாக இருந்தால் நஷ்டமில்லை. மீனாக இருந்தால், நீரோட்டத்துக்குக் குறுக்கே அந்தப் பெரிய முதுகுத் துடுப்பைப் பாய்மரமாய் விரித்து அது எதிர்த்து நிற்கும் கனம் கைக்குத் தெரியும்.

தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். கிரேலிங் டிரவுட்டைவிடச் சீக்கிரம் களைத்துப்போகும் மீன். கைவலையிலேயே, தண்ணீருக்குள் வைத்தபடி முள்ளைக் கழற்றிவிட்டு, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து நில்லுங்கள். அது தானாக வாலை அடித்துக் கிளம்பும்வரை விடாதீர்கள். அவசரப்பட்டு விட்டால் மல்லாந்து மிதந்து போகும். அதைப் பார்க்கவே மனது கேட்காது.

இரண்டு எச்சரிக்கை. நவம்பர் முதல் டிரவுட் கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிடும். சுற்றியுள்ள அடித்தளம் பாசி படிந்து கருத்திருக்க, நடுவில் வெளுப்பாய்ச் சுத்தமாகத் தெரியும் கல் திட்டுதான் அந்த இடம். அதன்மேல் கால் வைக்கவே கூடாது. முட்டைகள் வசந்தம் வரை அங்கேதான் இருக்கும். அடுத்தது, நிம்ஃபைத் தவறுதலாக டிரவுட் எடுத்தால் அது குற்றமில்லை. எடை போடாமல், படம் எடுக்காமல் உடனே விட்டுவிடுங்கள். தெரிந்தே டிரவுட்டைக் குறிவைப்பதுதான் குற்றம்.

5. கிரேலிங் எட்டாத ஊரில் இருந்தால்

ரெயின்போ குளம்: தொடங்குபவருக்கு இதுதான் சுலபம். வேடர் (தண்ணீருக்குள் நிற்க அணியும் நீர்புகா உடை) வேண்டாம், பின்னால் மரம் இருக்காது, சொல்லித்தர ஆள் இருப்பார். பிடித்ததைத் திரும்ப விடும் அரை நாள் சீட்டு 20 முதல் 30 பவுண்டு வாக்கில் இருக்கும். மீனை எடுத்துப்போகும் சீட்டுக்கு எண்ணிக்கையைப் பொறுத்து விலை ஏறும். குளிரில் மீன் ஆழத்தில் கிடக்கும். ஃபிளை இறங்க நேரம் கொடுத்து, மிக மெதுவாக இழுங்கள். உறைபனி நாளில் குளம் பனிக்கட்டியால் மூடிக்கிடக்கலாம், போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கால்வாயில் பெர்ச்: இருப்பதிலேயே மலிவு. படகுகள் கட்டியிருக்கும் ஓரம், பாலத்தின் நிழல், லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகு) கதவுகளின் அருகில் சிறு மீன் போன்ற ஸ்ட்ரீமரை விட்டு விட்டு இழுத்தால் போதும். கரைப்பாதையில் சைக்கிள் பறக்கும், குழந்தைகள் ஓடும். தலைக்குப் பின்னால் வீசுவதை மறந்துவிட்டு ரோல் காஸ்ட் பழகுங்கள், அல்லது கால்வாயின் நீளவாக்கில் வீசுங்கள்.

பைக்: அக்டோபரிலிருந்து மார்ச் 14 வரை ஆற்றில் இதற்குச் சரியான பருவம். ஆனால் தனியாகத் தொடங்காதீர்கள். வாய் நிறைய ஊசிப்பல், கம்பி டிரேஸ் இல்லாமல் போட்டால் நைலானைக் கடித்து அறுத்துக்கொண்டு முள்ளோடு போய்விடும், பின்பு அந்த மீன் சாகலாம். நீண்ட ஃபோர்செப்ஸ், பெரிய ரப்பர் வலை, மீனைக் கிடத்த மெத்தை மூன்றும் இல்லாமல் பைக் பிடிக்கப் போவது நியாயமில்லை. 8 அல்லது 9 எடை (ராடுக்கு ஏற்ற லைனின் கனத்தைக் காட்டும் எண்) ராடும் வேண்டும். முதல் முறை முள் கழற்றத் தெரிந்த ஒருவரோடு போங்கள்.

6. கருவிகளுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்

ராட், ரீல், லைன் சேர்ந்த தொடக்க செட் 60 முதல் 120 பவுண்டுக்குள் நல்லதாகவே வரும். 9 அடி, 5 எடை வாங்குங்கள். கிரேலிங், ரெயின்போ, பெர்ச் மூன்றுக்கும் அது ஈடுகொடுக்கும். பழைய ராட் வாங்கலாம், தவறில்லை. பழைய லைன் மட்டும் வேண்டாம், வெடித்திருக்கும். ஃபிளை ஒன்று ஒரு பவுண்டு முதல் இரண்டு பவுண்டு. அடிமட்டத்தில் தொலையும் என்பதால் ஒரே வகையில் ஐந்தாறு வாங்குங்கள்.

பார்ப்லெஸ், அதாவது எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளே வாங்குங்கள். பெரும்பாலான இடங்களில் அதுதான் விதி. உங்கள் காதில் ஏறினாலும் எளிதில் கழன்றுவிடும். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் ஒருமுறைகூட வீசாதீர்கள். போலரைஸ்டு கண்ணாடி என்றால் ஆற்றின் அடியும் தெரியும்.

வேடருக்குச் செலவிடுவதை முதல் ஆண்டில் தள்ளிப்போடுங்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இரண்டடுக்குக் காலுறை, விரல் நுனி திறந்த கையுறை, ஃபிளாஸ்கில் சூடாகத் தேநீர். குளிரில் ராட் வளையங்களில் பனி கட்டி லைன் நகராது. நுனியைச் சில நொடி ஆற்றுக்குள் முக்கினால் கரைந்துவிடும், இழுத்து முறிக்காதீர்கள்.

7. பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

மீன் பிடித்தால் குழம்பு வைப்பதுதான் நம் வழக்கம். இங்கே இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளாமல் போனால் அபராதம் மட்டுமல்ல, அவமானமும் சேரும். அடுத்து வரும் நம்மவரையும் கிளப்புகள் சந்தேகத்தோடு பார்க்கும்.

கால்வாய், குளம், ஏரியில் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியின்றி ஒரு கோர்ஸ் மீனைக்கூட எடுக்க முடியாது. ஆற்றில் சட்டம் அனுமதிக்கும் உச்சம், ஒரு நாளைக்கு 65 சென்டிமீட்டர் வரையுள்ள பைக் ஒன்று, 30 முதல் 38 சென்டிமீட்டருக்குள் கிரேலிங் இரண்டு, 20 சென்டிமீட்டர் வரையுள்ள சில வகைச் சிறு மீன்கள் 15. இதற்கும் கரைக்காரரின் சம்மதம் வேண்டும். பெரும்பாலான கிளப்புகள் எல்லாவற்றையும் திரும்ப விடச் சொல்கின்றன. விலாங்கு சிக்கினால் எங்கேயும் எடுக்கக் கூடாது.

சாப்பிட மீன் வேண்டுமென்றால் ரெயின்போ குளத்தில் எடுத்துப்போகும் சீட்டு வாங்குங்கள். மனதுக்கும் உறுத்தல் இல்லை, ரெயின்போ வறுவலுக்கும் அருமை.

8. கிளம்பும் நாள்

பணம் கட்டும் முன்பே ஆற்றின் நீர்மட்டத்தைப் பாருங்கள். அரசின் வெள்ள அறிவிப்புத் தளத்தில் ஒவ்வொரு ஆற்றுக்கும் அளவுமானி வாரியாக வரைபடம் இலவசமாக இருக்கிறது. கோடு ஏறிக்கொண்டிருந்தால் போகாதீர்கள். இறங்கத் தொடங்கி, ஓரிரு நாள் மழையும் இல்லையென்றால் டிக்கெட் எடுக்கலாம். வடக்கத்தி ஆறுகள் மழைக்குச் சட்டென்று கலங்கும், சட்டென்று தெளியும். சுண்ணாம்பு ஆறுகள் நிலத்தடி நீரால் ஓடுவதால் அவ்வளவு கலங்குவதில்லை. டே டிக்கெட் பணம் பெரும்பாலும் திரும்பி வராது.

டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். 3 மணிக்குச் சுருட்டிக்கொள்ளக் கணக்குப் போடுங்கள். தண்ணீருக்குள் நிற்பதாக இருந்தால் தனியாகப் போக வேண்டாம். அந்தக் குளிரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் மூச்சு முட்டும்.

மேலே மின்கம்பி போகிறதா பாருங்கள். கார்பன் ராட் மின்சாரம் கடத்தும். கம்பியிலிருந்து 30 மீட்டருக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பது எல்லோரும் பின்பற்றும் விதி. கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்டர் போடுங்கள், எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் இங்குள்ள ஆறுகளிலும் உண்டு. வீடு வந்ததும் வலை, பூட்ஸ் எல்லாவற்றையும் பார்த்து, கழுவி, நன்றாகக் காயவையுங்கள். ஒரு ஆற்றின் நோயும் களையும் அடுத்த ஆற்றுக்கு நம் பூட்ஸ் வழியாகத்தான் போகிறது.

9. மார்ச் 15: இடைவெளியைச் சமாளியுங்கள்

இந்த நாளில் ஆறுகளில் கோர்ஸ் தடைக்காலம் தொடங்கும். பல பகுதிகளில் பிரவுன் டிரவுட் இன்னும் திறந்திருக்காது. சில இடங்களில் ஆற்றில் எதையுமே பிடிக்க முடியாத சில வாரங்கள் வரும். கிரேலிங் ஏப்ரல், மே மாதங்களில் முட்டையிடும், ஆகவே அதை நிம்மதியாக விட்டுவிட வேண்டும். அந்த வாரங்களுக்கு ரெயின்போ குளமும் கால்வாயும் கைகொடுக்கும். பெரும்பாலான கால்வாய்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிக்குள் வரும் சில கால்வாய்களுக்கு மட்டும் தடை உண்டு, அதைப் பெர்மிட்டில் பாருங்கள்.

கிளப்பில் சேர நினைத்தால் இதைவிட முன்னதாக, ஜனவரி, பிப்ரவரியிலேயே செயலாளருக்கு எழுதிவிடுங்கள். பல கிளப்புகளின் உறுப்பினர் ஆண்டு வசந்தத்தில் புதுப்பிக்கப்படும். விலகியவர்களின் இடம் அப்போதுதான் காலியாகும். கடிதத்தில் மூன்று கேள்வி போதும்: நுழைவுக் கட்டணம் தனியா, குளிர்காலத்துக்கு மட்டும் கிரேலிங் உறுப்பினர் சீட்டு உண்டா, ஆற்றைச் சுத்தப்படுத்தும் நாட்களில் வந்து வேலை செய்தால் கட்டணத்தில் குறைப்பார்களா. கடைசிக் கேள்விக்குச் சில கிளப்புகள் ஆம் என்று சொல்லும். சொல்லாவிட்டாலும் ஒருநாள் போய்க் கைகொடுங்கள். எந்த வளைவில் கிரேலிங் கூடும் என்பதை அந்த ஆட்கள்தான் அறிவார்கள், வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.